வம்புவின் பெட்டிக்கு ஆறு இன்ச் பலகை

ஜூன் 1

முயல்காரருக்கு,

இங்கே உங்கள் முயல்கள் மேடம், வம்பு இருவரும் சுகம். பாப்பாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம், அதனால் கேட்கவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, கடிதம் போடு, அதிலும் முயல் விஷயம் மட்டும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கும் அதுதான் வசதி. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இது முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பன்னிரண்டு வருஷமும் தபாலிலேயே குடும்பம் நடத்தியிருக்கலாம்.

முயல் விஷயம் இதுதான். மே ஒன்பதாம் தேதி இரண்டையும் கூடையில் வைத்து ஜோடி சேர்க்கக் கொண்டுபோனீர்கள். மேடத்துக்குச் சினை பிடித்துவிட்டது, வம்புவுக்கு நிற்கவில்லை என்று அடித்துச் சொன்னீர்கள். நேற்று வம்பு வாய் கொள்ளாமல் வைக்கோலைக் கவ்விக்கொண்டு, பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் மாதிரி கூண்டைச் சுற்றி வந்தாள். மாடி வீட்டுக் கணக்கு டீச்சர் இறங்கி வந்து பார்த்தார். "இதுவும் மாசமாத்தான் இருக்கு. உன் வீட்டுக்காரர் கணக்குல இதைச் சேர்க்கலையா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

மேடத்துக்கு நீங்கள் செய்த பிரசவப் பெட்டி இருக்கிறது. வம்புவுக்கு இல்லை. முப்பத்தொரு நாள் என்றால் ஒன்பதாம் தேதி ஆகிவிடும், இன்னும் எட்டே நாள். பழக்கடையில் ஒரு பிளைவுட் பெட்டி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நானே செய்துகொள்கிறேன், அளவு மட்டும் எழுதுங்கள். மேடத்தின் பெட்டியை அளக்கலாம் என்று கையை விட்டேன், ஒரு போடு போட்டாள். விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பட்டன் தைக்கிறேன்.

வீட்டில்தான் ஒரு மரப்பெட்டி சும்மா கிடக்கிறதே என்று கேட்காதீர்கள். என் தையல் மெஷினுக்கு மூடி என்று நீங்கள் செய்ததும், என் மெஷின் உள்ளே போகாததுமான அந்தப் பெட்டியை நான் தொடுவதாக இல்லை. போர்வை போர்த்தி மூலையில் வைத்திருக்கிறேன்.

அப்பா ஆகஸ்டில் வேலை முடிந்து வருவாரா, அப்படியே அங்கேயே இருந்துவிடுவாரா என்று பாப்பா கேட்கிறாள். அது முயல் விஷயம் இல்லை. அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
பொறுப்பில் விடப்பட்டவள்

*

ஜூன் 4

பொறுப்பில் இருப்பவளுக்கு,

வம்பு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வரியை வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டுவாய், தெரியும். மாட்டிக்கொள்.

பெட்டி நீளம் பதினெட்டு, அகலம் பத்து, உயரம் பன்னிரண்டு. அதில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. முன்பலகைதான் உயிர். வாசலுக்குக் கீழே பலகை ஆறு இன்ச் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்பாய், அதனால் எழுதுகிறேன். தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுப்பாள், விடியும் நேரத்தில் ஐந்து நிமிஷம். முடிந்ததும் ஒரே தாவு, வெளியே போய்விடுவாள். காம்பை விடாமல் தொங்குகிற குட்டியும் அவளோடு வரும். பலகை உயரமாக இருந்தால் அதில் தட்டி உள்ளேயே விழுந்துவிடும். வெளியே விழுந்தால் பூனை மாதிரி கவ்வி எடுத்துப் போட மாட்டாள். குட்டி குளிரில் விறைத்துவிடும்.

இன்னொன்று. ஒருத்திக்கு நிறையவும் ஒருத்திக்குக் கொஞ்சமும் பிறந்தால் முதல் இரண்டு நாளுக்குள் மாற்றி வைத்துவிடு. மாற்றும் குட்டியை அந்தப் பெட்டி வைக்கோலில் புரட்டி எடுத்து வை. அவளுக்கு எண்ணத் தெரியாது. உனக்குத் தெரியும், அதனால் அடையாளம் வைத்துக்கொள்.

இங்கே ஹோட்டல் வேலை மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒரே மாதிரி அலமாரி, அறைக்கு ஒன்று. நான்கு பேர் ஓர் அறையில் தங்கியிருக்கிறோம். உன் கடிதம் வந்தபோது பாலிஷ்காரர், "வீட்டுல இருந்தா?" என்று கேட்டார். "இல்லண்ணே, முயல்கிட்ட இருந்து" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முயல்காரன்

*

ஜூன் 11

முயல்காரருக்கு,

வாழ்த்துகள்! பதின்மூன்று!

ஒன்பதாம் தேதி காலையில் மேடம் மார்பு முடியைப் பிடுங்கிப் பிடுங்கி மெத்தை போட்டாள். பத்து மணிக்கு மேல் பார்த்தால் மெத்தை தானாக மூச்சு விடுகிறது. உள்ளே நாலு. வம்பு மறுநாள் போட்டாள். பாப்பா ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, ஆறுக்கு மேல் போனதும் குரல் உயர்ந்து, ஒன்பது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். டீச்சர் மாடியிலிருந்து, "மறுபடி எண்ணு" என்றார். எண்ணினாள். ஒன்பதுதான்.

அளவு கொடுக்க வந்த அம்மாக்கள் யாரும் அளவு கொடுக்கவில்லை. எல்லோரும் பின்கட்டில் கூண்டுக்கு முன்னால்தான். ஒருத்தி மட்டும், "என்னடி இது, எலி மாதிரி இருக்கு" என்றாள். அவள் சட்டையைக் கடைசியாகத் தைக்கப் போகிறேன்.

நீங்கள் சொன்னபடி வம்புவிடமிருந்து மூன்றை மேடத்துக்கு மாற்றினேன். தையல் சாக்பீஸால் முதுகில் ஒரு கோடு போட்டு வைத்தேன். மேடம் மோந்து பார்த்தாள், அவ்வளவுதான். இப்போது அவளுக்கு ஏழு, வம்புவுக்கு ஆறு. இதில் ஒரு வேடிக்கை. வம்புவிடம் இருக்கிற ஒரு கறுப்புக் குட்டிக்கு முதுகில் வெள்ளையாக ஒரு கோடு. நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மறுபடி தேய்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பிறக்கும்போதே அப்படி. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. பாப்பா அதற்கு சாக்பீஸ் என்று பெயர் வைத்துவிட்டாள். கையில் எடுத்தால் சும்மா இருக்காது, என் விரல் இடுக்கில் தலையை முட்டி முட்டிப் பால் தேடுகிறது.

வம்புவின் பெட்டியை முழுக்க நானே செய்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ரம்பம் உங்களுடையது, டேப் என்னுடையது. குப்பையில் போடு என்று நீங்கள் சொன்ன அதே டேப்தான். முதல் இன்ச் பிய்ந்துபோனால் என்ன? ஒன்றிலிருந்து அளந்து, மனதுக்குள் ஒன்றைக் கழித்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒரு சட்டை இறுக்கியதில்லை.

பொறுப்பாக இருப்பவள்

*

ஜூன் 13

பொறுப்பானவளுக்கு,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். பதின்மூன்று என்றதும் எலக்ட்ரீஷியன் கை தட்டினார். எலி என்று சொன்ன அம்மாவை எல்லோரும் திட்டினோம். பாலிஷ்காரர் ஒரு ஜோடி வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

சாக்பீஸை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. அது எனக்கு. இங்கே நாள் முழுக்க நேர்க்கோடு போடுகிறேன், ஒரு கோடாவது தானாகவே பிறந்து வந்திருக்கிறது. பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

முயல் விஷயம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். கவனி.

முயல்காரன்

*

ஜூன் 16

எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

இன்று காலை கடை திறக்கும் முன் கூண்டைப் பார்க்கப் போனேன். இரவெல்லாம் மழை பெய்து, தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. வம்புவின் பெட்டிக்கு வெளியே, கம்பி மேல், இரண்டு குட்டிகள் கிடந்தன. ஒன்று சாம்பல் நிறம். இன்னொன்று சாக்பீஸ்.

இரண்டும் கல் மாதிரி சில்லென்று இருந்தன. ஆனால் சூடு ஏற்றிப் பார்க்காமல் முயல் குட்டியைப் போய்விட்டது என்று சொல்லக் கூடாது என்று நீங்கள் ஒரு தடவை சொன்னீர்கள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். துணியைச் சூடு பண்ணி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றில் இதை, ஒன்றில் அதைச் சுற்றினேன். ஆறினால் அடுத்த துணி. பாப்பா பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே துணி மடித்து மடித்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்துச் சாம்பல் குட்டி வாயைத் திறந்தது. பிறகு ஒரு காலை உதைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். உடனே சாக்பீஸைப் பார்த்தோம். இன்னும் பத்து, இன்னும் இருபது துணி. ஒரு மணி நேரம். அது அசையவே இல்லை. கோடு மட்டும் அப்படியே இருந்தது.

பூந்தொட்டி மண்ணில் வைத்தோம். உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். "அது எனக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆறு இன்ச் என்று எழுதியதும் நீங்கள்தான். நான் அப்படியே வெட்டினேன். குட்டி அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. என் மெஷின் பெட்டி எப்படியோ, இதுவும் அப்படித்தான். நீங்கள் சொல்லும் அளவும் நிஜமும் எந்தக் காலத்தில் ஒத்துப்போயிருக்கிறது?

சாம்பல் குட்டிக்கு இஸ்திரி என்று பெயர்.

*

ஜூன் 19

உன் கடிதம் கிடைத்தது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு கட்டையை முன்பலகை மேல் வைத்து இன்றைக்கே இரண்டு ஆணி அடி. வைக்கோல் அதிகமாக இருந்தால் குறை, உள்ளே தரை உயர்ந்தாலும் குட்டி வெளியே வரும். இஸ்திரியைத் தினமும் தொட்டுப் பார். வயிறு உருண்டையாக இருந்தால் பால் குடிக்கிறது என்று அர்த்தம்.

இப்போது மற்றது. என் ஆறு ஆறுதான். எனக்கு இருபது வயது ஆனதிலிருந்து அந்தப் பலகையை வெட்டுகிறேன், ஒரு குட்டி தாண்டியதில்லை. அளந்து பார். உன் டேப்பில் வேண்டாம்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். மத்தியானம் எல்லோரும் "என்ன எழுதியிருக்காங்க?" என்று சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் நாலு வரி படித்தேன், பிறகு மடித்துப் பையில் வைத்துவிட்டேன். பாலிஷ்காரர் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

பார்த்ததுகூட இல்லை. இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

*

ஜூன் 23

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஐந்து.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேரே மாடிக்குப் போய் டீச்சரின் மர ஸ்கேலை வாங்கி வந்தேன். நிரூபித்துக் காட்டி, அந்த ஸ்கேலோடு ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். வைத்துப் பார்த்தால் ஐந்து. டீச்சரும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அஞ்சுதாம்மா" என்றார்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். என் டேப்பில் ஆறு இன்ச் வேண்டும் என்றால் ஏழில் குறி வைக்க வேண்டும். எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அன்றைக்கு ஏழில் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தேன். இவருக்கு என் டேப்பைத் தெரியாதா? அதைப் போட்டு அவ்வளவு திட்டியவர், அதை மனதில் வைத்துத்தானே அளவு எழுதியிருப்பார்? எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சேர்த்தே ஆறு என்று எழுதியிருப்பார் என்று நினைத்தேன். பென்சிலை நகர்த்தி ஆறில் குறித்தேன். உங்களைக் கேட்டிருக்கலாம். ஒரு கார்டு போட்டால் நாலு நாளில் பதில் வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

சாக்பீஸ் போனது என்னால்தான். உங்களைச் சொன்னதற்கு மன்னியுங்கள். இதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆனது என்பதையும் மறைக்கவில்லை.

கட்டை வைத்து ஆணி அடித்துவிட்டேன், டீச்சரின் ஸ்கேலில் அளந்து. மற்ற பன்னிரண்டும் கண் திறந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் திறந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இஸ்திரி. இடது கண் மட்டும். ஒரு நாள் முழுக்க எங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. வயிறு உருண்டையாக, பட்டன் மாதிரி இருக்கிறது.

பாப்பா கீழே ஏதோ எழுதுகிறாள். நான் படிக்கவில்லை. ஒட்டி அனுப்பச் சொல்கிறாள்.

பாப்பாவின் அம்மா

அப்பா, இஸ்திரி என் கை மேல ஒண்ணுக்குப் போயிருச்சு. அம்மா உங்க தலையணைக்குப் புது உறை தச்சுப் போட்டிருக்காங்க. யாரும் படுக்கலை, ஆனா வாரா வாரம் துவைக்கிறாங்க. இது முயல் விஷயம் இல்லை, அதனால அம்மாகிட்ட சொல்லாதீங்க.

*

ஜூலை 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

பத்து நாளாக எழுதவில்லை. கோபம் இல்லை. உன் கடிதத்தில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். "என் டேப்பை மனதில் வைத்துத்தானே அளவு எழுதியிருப்பார்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று மத்தியானத்துக்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு அலமாரிக் கதவைத் தலைகீழாக மாட்டினேன்.

மெஷின் பெட்டிக்கு நீ அளவு சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? வாயில் நாலு குண்டூசி, தோளில் துணி, ஒரு கையில் டேப். மெஷினை அளந்துவிட்டு "பத்தொன்பது!" என்று உள்ளேயிருந்து கத்தினாய். நான் வெளியே பலகையோடு நின்றேன். இவள் அவசரத்தில் டேப்பைப் பார்த்து அப்படியே சொல்கிறாள், ஒன்றைக் கழிக்க மறந்திருப்பாள் என்று நினைத்தேன். உனக்கு உதவி செய்கிற நினைப்பில் நானே ஒன்றைக் கழித்துப் பதினெட்டில் வெட்டினேன். நீ ஏற்கனவே கழித்துத்தான் சொல்லியிருக்கிறாய். ஆக, நீ ஒரு தடவை கழித்தாய், உனக்காக நான் ஒரு தடவை கழித்தேன். மெஷின் எப்படி உள்ளே போகும்?

பெட்டி பொருந்தவில்லை என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அதுதான் உண்மை. ஆனால் நீ "பத்தொன்பதுன்னுதானே சொன்னேன்!" என்று கத்த, நான் உன் டேப்பைக் குப்பையில் போடச் சொல்ல, அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் முன்னால் "உங்க கைக்கு அளவே வராது" என்று நீ சொல்லிவிட்டாய். தச்சனைப் பார்த்து அந்த வார்த்தை. அதற்குப் பிறகு என் தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. இந்த வேலைக்கு ஆள் கேட்டார்கள், கிளம்பிவிட்டேன்.

நீ ஐந்து என்று எழுதினாய் பார், அந்தத் தைரியம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. இப்போது எழுதுகிறேன். பெட்டியில் தப்பு என்னுடையது. சாக்பீஸ் விஷயத்தில் உன்னை மட்டும் சொல்லிக்கொள்ளாதே. "உன் டேப்பில் ஏழு" என்று எழுத எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

ஒப்பந்தத்தை மீறி ஒரு விஷயம். மேஸ்திரி அடுத்த ஹோட்டலுக்கும் என்னைக் கேட்கிறார். ஒரு வருஷ வேலை. பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "இவளுக்கு நான் வராமல் இருப்பதுதான் நிம்மதி" என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, சரி என்று சொல்ல இருந்தேன். இந்தத் தடவை நானாக எதையும் கழிக்கவில்லை. உன்னையே கேட்கிறேன். நான் வரட்டுமா?

உன் வீட்டுக்காரன்

*

ஜூலை 7

என்னங்க,

வாருங்கள்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மறுபடி யாரும் எதையும் கழிக்க வேண்டாம். நான் நிம்மதியாக இல்லை. உங்கள் தலையணை உறையைத் துவைத்தே கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு அந்த இரண்டு அம்மாக்களுக்கும் ஆள் அனுப்பி வரச் சொன்னேன். ஏதோ துணி தயாராகிவிட்டது என்று வந்தார்கள். "அன்னைக்கு உங்க முன்னாடி எங்க வீட்டுக்காரரைச் சொன்னேனே, அது தப்பு. அவர் கைக்கு அளவு வரும்" என்றேன். ஒருத்தி, "இதுக்கா வரச் சொன்ன?" என்றாள். இன்னொருத்தி, "சரி சரி, குட்டியைக் காட்டு" என்றாள். அந்த வார்த்தைக்காக நான் பட்ட வெட்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டும் இப்போது பெட்டியில் தங்குவதில்லை. கூண்டைத் திறந்தால் கடைக்குள் பந்து உருட்டிவிட்ட மாதிரி. ஒன்று நூல்கண்டை இழுத்துக்கொண்டு வாசல் வரை போனது, பின்னாலேயே நீல நூல். ஒன்று காலர் வெட்ட வைத்திருந்த காகிதத்தைத் தின்றுவிட்டது. அந்த ஆள் இனி காலர் இல்லாமல்தான் போட வேண்டும். இஸ்திரிக்கு மட்டும் மெஷின் மிதியடிதான் படுக்கை, அது எழுந்திருக்கும் வரை நான் கையால் ஊசி பிடிக்கிறேன். டீச்சர் தினமும் சாயங்காலம் எண்ண வருகிறார். நேற்று, "பதினொண்ணுதான் இருக்கு! ஒண்ணு குறையுது!" என்று பதறினார். கட்டில், அலமாரி, துணி மூட்டை எல்லாம் புரட்டினோம். கடைசியில் பன்னிரண்டாவது, டீச்சரின் கைப்பைக்குள் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மெத்தையாகப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

பூந்தொட்டிப் பக்கம் போகும்போது இப்போதும் மனசு கனக்கிறது. பாப்பா அந்தத் தொட்டியில் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போட்டிருக்கிறாள். மழைக்கு அழிந்தால் மறுபடியும் போடுகிறாள்.

இன்னும் ஒன்று. நேற்று மூலையில் இருந்த உங்கள் பெட்டியின் போர்வையை எடுத்தேன். டீச்சரின் ஸ்கேலை வைத்து அளந்தேன். நீளம் பதினெட்டு, அகலம் பத்து, உயரம் பன்னிரண்டு. பிரசவப் பெட்டிக்கு நீங்கள் எழுதிய அளவு, ஒரு நூல் பிசகவில்லை. இந்த வீட்டில் இரண்டு மாதம் சண்டைக்குக் காரணமாக நின்றது ஒரு நல்ல முயல் பெட்டி! வாசல் மட்டும் வெட்ட வேண்டும். அதை நான் தொட மாட்டேன். முன்பலகை ஆறு இன்ச் விட்டு நீங்களே வந்து வெட்டுங்கள்.

உங்கள் மனைவி

*

ஜூலை 12

என் தையற்காரிக்கு,

மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "வீட்டுல என்ன அவசரம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பாலிஷ்காரர், "பன்னெண்டு குட்டிங்க, சார்" என்றார். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடனே கிளம்புய்யா" என்றார். அவரிடம் இன்னும் யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

கடைசி மாடியில் பதினாறு அலமாரி பாக்கி இருக்கிறது. முடித்துவிட்டு ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். பாலிஷ்காரரும் கூட வருகிறார், ஜோடியை அவரே பார்த்து எடுத்துக்கொள்வாராம். இஸ்திரியைக் காட்டாதே, கேட்டுவிடுவார்.

உன் டேப்பைக் குப்பையில் போடு என்று சொன்னேன். போடாதே. அதை வைத்துத்தான் நீ இந்த வீட்டை நடத்தியிருக்கிறாய். மெஷினுக்குப் புதிதாக ஒரு மூடி செய்கிறேன், நல்ல பலகை பார்த்து வைத்திருக்கிறேன். நீ அளவு சொல். நான் திரும்பக் கேட்கிறேன். நீ திரும்பச் சொல். அதற்குப் பிறகு வெட்டுகிறேன்.

உன் தச்சன்

*

ஜூலை 17

என் தச்சருக்கு,

ஆறாம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பாப்பா ஆடிய ஆட்டத்தில் பன்னிரண்டு குட்டியும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

நானும் ஆடியிருப்பேன். ஆனால் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு உங்களைத் தெரியும். இவள் அவசரக்காரி, ஒரு நாள் முன்னாலேயே வந்து பஸ் நிலையத்தில் கால் கடுக்க நிற்பாள் என்று, எனக்காக ஒரு நாளைச் சேர்த்து எழுதியிருப்பீர்களோ? அப்படியென்றால் நிஜத்தில் ஐந்து. இல்லை, நான் இப்படி யோசித்து ஐந்தாம் தேதியே வந்துவிடுவேன் என்று நீங்களும் யோசித்திருந்தால்? எனக்குத் தலை சுற்றுகிறது. டீச்சரைக் கேட்டேன். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கணக்கு வரலைம்மா. அவரையே கேட்டுரு" என்றார்.

ஆகவே கேட்கிறேன். ஆறு என்றால் ஆறா? ஒரு வரி போதும். கூட்டாமல், கழிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தையற்காரி

*

ஜூலை 21

ஆறுதான்.